மாநகராட்சிப் பள்ளிக்குப் பெற்றோர்களே பணம் திரட்டலாமா? எப்படிச் செய்தால் வம்பு வராது? (கொருக்குப்பேட்டை)

கொருக்குப்பேட்டை அப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெண் கொருக்குப்பேட்டையில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். எந்தப் பள்ளி என்று போடவில்லை, போட்டால் அங்கே ஒழுங்காக வேலை பார்க்கிற டீச்சர்களுக்குத்தான் முதலில் தலைவலி வரும். இருநூறுக்குக் கொஞ்சம் மேல் பிள்ளைகள். ஹார்பரில் லோடு வேலை பார்ப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள், இப்போது ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் கொஞ்சம் பேர். டீச்சர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மற்றதில்தான்.

மழைக்காலம் வந்தால் கேட்டுக்கு எதிரே முழங்கால் அளவு தண்ணீர், அதில் சாக்கடையும் சேர்ந்துகொள்கிறது. குடிதண்ணீர் மெஷின் ரிப்பேர் ஆனது ஆனதுதான், பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு போகிறார்கள், மறந்துவிட்டு வந்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கிக் குடிக்கிறது. மூன்றாவது விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது: ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் சில பிள்ளைகள் இன்னும் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். கொரோனா சமயத்தில் ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவதில் இருந்த பிள்ளைகள் அவர்கள். சாயங்காலம் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லித்தர ஆள் கிடையாது, டியூஷன் என்று போனால் மாதம் அறுநூறு கேட்கிறார்கள், இரண்டு பிள்ளை இருக்கிற வீட்டில் என்ன செய்வது?

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் பேசினோம். வீட்டுக்கு 300 ரூபாய் போடலாம், மார்க்கெட் கடைகளிலும் கேட்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. உடனே ஒருவர், இதையும் கட்டி அதையும் கட்டி ஆகும் பணத்துக்குப் பக்கத்து மெட்ரிக் ஸ்கூலிலேயே போட்டுவிடலாமே என்றார். ஹெச்.எம். அம்மாவிடம் சொன்னால் அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை, "பணம் விஷயத்தில் மட்டும் என்னை இழுக்காதீர்கள்" என்கிறார். யார் பெயரில் வாங்குவது, யார் ஜிபே நம்பர் கொடுப்பது என்பதிலேயே குரூப் இரண்டாகிவிட்டது.

இப்படிப் பணம் திரட்டுவது சட்டப்படி சரியா? வேறு பள்ளிகளில் யாராவது செய்திருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

---

தேரடி அம்மா எழுதியது:

தம்பி, முதலில் அந்த முந்நூறு ரூபாயைக் கீழே வையுங்கள். நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்தவள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று பிரச்சினைக்கும் மூன்று வெவ்வேறு கதவு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே உண்டியலில் போட்டீர்கள் என்றால் உண்டியலும் நிறையாது, வேலையும் நடக்காது.

உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று கட்டாயம் இருக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் 2022இல் எல்லாப் பள்ளியிலும் புதிதாக அமைத்தார்கள், 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவர் பெற்றோர்தான், ஹெச்.எம். இல்லை. உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. இதெல்லாம் பேப்பரில் அழகாக இருக்கிறது, உங்கள் பள்ளியில் தலைவி யார் என்று குரூப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. தலைவிக்கே தெரியாத இடமும் இருக்கிறது, வீட்டுக்கு நோட்டு வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

அந்தக் குழுவை எழுப்புங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது வாசல் தாண்டாது, அதனால் தீர்மானமாக எழுதுங்கள், அதைப் பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி பேரன்ட்ஸ் செயலியில் ஏற்றச் சொல்லுங்கள். 22ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதே இந்தக் குழுவின் வேலைதான்.

கேட் முன்னால் நிற்கும் தண்ணீர் மாநகராட்சியின் வேலை, அதற்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். தீர்மான நகலை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில் ஏ.இ.யை (உதவிப் பொறியாளர்) பாருங்கள், கவுன்சிலரிடம் ஒரு நகல், மாநகராட்சியின் 1913 எண்ணில் ஒரு புகார். ஒருவர் போனால் "பார்க்கலாம்மா" என்பார்கள். இருபது அம்மாக்கள் தண்ணீர் நிற்கிற போட்டோவோடு போய் நின்றால் பேச்சு மாறும், பார்த்திருக்கிறேன்.

குடிதண்ணீர் மெஷினுக்குப் பள்ளி மானியம் இருக்கிறது. சமக்ர சிக்ஷா என்கிற மத்திய, மாநில அரசுகளின் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்து வருஷத்துக்கு ஒரு தொகை வரும்: 101 முதல் 250 பிள்ளைகள் வரை 50,000, அதற்கு மேல் 1,000 பிள்ளைகள் வரை 75,000. அதில் பத்து சதவீதமாவது சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேண்டும். இந்த வருஷம் வந்ததா, எதற்குப் போனது என்று குழுவில் கேட்கலாம், கேட்பது சண்டை இல்லை. ஆனால் ஒன்று, வரவில்லை என்று ஹெச்.எம். சொன்னால் உடனே சாக்கு என்று முடிவு கட்டாதீர்கள். 2024-25இல் பிஎம் ஸ்ரீ (மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம்) தகராறில் மத்திய அரசு நம் மாநிலத்துக்கு 2,152 கோடியை நிறுத்தி வைத்த கதை எல்லாருக்கும் தெரியும், மேலே நிற்கிற பணம் கடைசியில் உங்கள் பள்ளித் தண்ணீர்க் குழாய் வரைக்கும் வந்து உறைக்கும்.

மூன்றாவது, சாயங்கால வகுப்பு. இதற்கு மட்டும்தான் நீங்கள் ஆளும் பணமும் திரட்ட வேண்டும்.

---

வியாசை தோழர் எழுதியது:

இதற்குக்கூடத் திரட்டக் கூடாது என்பது என் கட்சி. (அரசியல் கட்சி இல்லை, வாதம்.)

சொத்து வரி ரசீது யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள், சென்னையில் பொது வரியோடு கல்வி வரி என்று தனியாக ஒன்று வாங்குகிறார்கள். வாடகை வீட்டுக்காரனும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறான். வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2023இல் ஆயிரம் கோடி அறிவித்தார்கள், 2024 மார்ச்சில் அதையே 4,181 கோடி என்று தொடங்கி வைத்தார்கள். இவ்வளவு இருக்கும்போது லோடு தூக்குகிறவன் பாக்கெட்டிலிருந்து முந்நூறு எதற்கு? இன்றைக்கு மக்கள் போட்டார்கள் என்றால் நாளைக்கு அதுவே வழக்கமாகிவிடும், "நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களே" என்று அவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள்.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. பணம் இருக்கிற பேட்டையில் பழைய மாணவர்கள் ஒரே மாதத்தில் லட்சக்கணக்கில் போட்டுப் பள்ளியைப் பளபளப்பாக்கிவிடுவார்கள். நம் பக்கம் முந்நூறுக்கே குரூப் உடைகிறது. நன்கொடையை நம்பி அரசுப் பள்ளி நடந்தால் தி.நகருக்கு ஒரு அரசுப் பள்ளி, கொருக்குப்பேட்டைக்கு வேறொரு அரசுப் பள்ளி என்றாகும். இப்போது இருக்கிற வித்தியாசம் போதாதா?

---

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

தோழர் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். மறுபாதிக்குக் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

வியாசர்பாடி ஜீவாவில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவள்ளூர் தாண்டி கடம்பத்தூர் வரும். காமராஜர் முதல்வர், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர், 1958இல் அந்தக் கடம்பத்தூரில்தான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதலில் நடந்தது. ஊர்க்காரர்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள், பிறகு அவரவரால் ஆனதைக் கொடுத்தார்கள். நிலம் கொடுத்தவர் உண்டு, பெஞ்ச் கொடுத்தவர் உண்டு, கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சட்டை என்று கொடுத்தவர்களும் உண்டு. அப்புறம் அது மாநிலம் முழுக்கப் பரவியது. அதனால் அரசு கையைக் கழுவியதா? இல்லை, அந்த வருஷங்களில்தான் ஆயிரக்கணக்கில் புதிய பள்ளிகள் திறந்தார்கள். ஊர் வந்து நின்ற இடத்தில் அரசால் திரும்பிப் போக முடியவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன், தோழர் வேறு மாதிரி புரிந்துகொள்ளலாம்.

நம் மாநகராட்சிக்கும் இதில் பெருமை உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியம் சாப்பாடு கொடுக்கத் தொடங்கினார்கள். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை அன்றைக்கே கண்டுகொண்டது இந்த ஊர். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது சென்னையில் முதலில் சேர்ந்த பள்ளிகளில் பெரும்பாலானவை நம் வட சென்னைப் பள்ளிகள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹெச்.எம். ஏன் பயப்படுகிறார் என்பது எனக்குத் தெரியும், நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். பெற்றோர் கொடுத்த பணம் என்று ஒரு ரூபாய் மேசைக்கு வந்தால் போதும், எவனாவது ஒருவன் மொட்டைக் கடிதாசி போடுவான், "கட்டாய வசூல்" என்று. விசாரணை முடிவதற்குள் பென்ஷன் பேப்பர் நின்றுவிடும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளையிடம் கட்டணம் என்ற பெயரில் எதையும் கேட்க முடியாது. அதனால் "வீட்டுக்கு 300" என்ற பேச்சையே விடுங்கள். தொகை குறித்துவிட்டால் அது கட்டணம் ஆகிவிடும், கட்டாத வீட்டுப் பிள்ளை தலைகுனியும். முடிந்தவர் முடிந்ததைத் தரட்டும், யார் எவ்வளவு என்று பிள்ளைகள் காதில் விழவே கூடாது.

பள்ளிக்குள் பணமாக எதையும் கொடுக்காதீர்கள். பொருளாக வாங்கிக் கொடுங்கள், கடை பில்லின் நகலோடு. ஹெச்.எம். அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றட்டும், மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "பெறப்பட்டது" என்று ஒரு வரி எழுதட்டும். அப்போது அவருக்கும் தூக்கம் வரும், உங்களுக்கும் பேச்சு வராது.

சாயங்கால வகுப்புக்குப் பள்ளி டீச்சர்களையே சம்பளம் கொடுத்து உட்கார வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள். சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. உங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்கள் இருக்கிறார்களே, அவர்களைத் தேடுங்கள். பயிற்சி பெற்றவர்கள், பிள்ளைகளின் வீடு தெரிந்தவர்கள், எந்தப் பிள்ளை எதற்கு அழும் என்றும் தெரிந்தவர்கள். ஏழாவது படிக்கிறவனுக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்றால் அவனிடம் ஏழாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டாதீர்கள். கடைப் பெயர்ப்பலகை, பஸ் போர்டு, கிரிக்கெட் செய்தி, எது அவனுக்குப் படிக்கத் தோன்றுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். வெட்கம் போனால் வாசிப்பு தானாக வரும், இதை முப்பது வருஷம் பார்த்தவன் சொல்கிறேன்.

---

ராயபுரம்காரன் எழுதியது:

முன்னாள் மாணவர்கள் பக்கமிருந்து ஒரு அனுபவம். எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் இப்போது ஓ.எம்.ஆர்., துபாய் என்று இருக்கிறார்கள். ரீயூனியன் அன்றைக்கு மேடையில் எல்லாரும் அம்பதாயிரம், ஒரு லட்சம் என்று வாரி வழங்கினார்கள், பிரியாணி முடிந்ததும் போனை எடுக்கவில்லை. கடைசியில் நிலைத்தது என்னவோ மாதம் இருநூறு, ஐந்நூறு போடுகிற சின்னக் கூட்டம்தான். பெரிய தொகைக்கு ஆசைப்படாதீர்கள், மாதாமாதம் வருவதுதான் வகுப்பை நடத்தும்.

வாங்கிக் கொடுக்கிற பொருளில் கட்சித் தலைவர் படம், வார்டுச் செயலாளர் படம், குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து நோட்டு கொடுக்கிற போட்டோ, இதெல்லாம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் பள்ளியில் இதனாலேயே ஒரு முறை இரண்டு கோஷ்டியும் பீரோவைக் கொடுக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிரிப்பாக இருக்கும், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய வேலை, அதாவது வகுப்பறை, கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு மாதிரி என்றால் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்க அரசே நடத்துகிற நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி இணையதளத்தில் போங்கள். 2022 டிசம்பரில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது, அன்றைக்கே அவர் தன் பணம் ஐந்து லட்சம் போட்டார். எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேவைக்கு என்று கொடுப்பவரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பள்ளி தன் தேவையை அதில் பதிந்திருந்தால்தான் கண்ணில் படும். அதற்கும் மேலாண்மைக் குழுவில்தான் தொடங்க வேண்டும், தேரடி அக்கா சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

---

கொருக்குப்பேட்டை அப்பா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தலைவி யார் என்று குரூப்பில் கேட்டேன். என் பக்கத்துச் சந்தில் இருக்கிற அக்காதான்! இவ்வளவு நாள் தினமும் பார்த்துப் பேசுகிறேன், அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன், நமக்கு என்ன தெரியும் தம்பி" என்கிறார். இப்போது ஆர்வமாக இருக்கிறார், கொஞ்சம் பயமும் இருக்கிறது.

ஒரு சந்தேகம். மணலி, எண்ணூர் பக்கம் இவ்வளவு பெரிய கம்பெனிகள் இருக்கின்றனவே, சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) என்று கேட்டால் கிடைக்குமா? நாங்கள் நாலு பேர் சேர்ந்து லெட்டர் கொடுத்தால் எடுபடுமா?

---

கணக்கர் தம்பி எழுதியது:

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், அதனால் இதற்கு நான் பதில் சொல்லலாம்.

2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் (உதாரணமாக வருஷ நிகர லாபம் ஐந்து கோடி அல்லது அதற்கு மேல்) கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவிட வேண்டும், தாங்கள் இயங்குகிற சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கல்வி அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நாலு பேர் லெட்டருக்கு அவர்களால் பணம் தர முடியாது. வெளி அமைப்பு மூலம் செலவழிப்பதென்றால் அந்த அமைப்பு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவோடு சி.எஸ்.ஆர்.-1 என்கிற பதிவுப் படிவமும் போட்டிருக்க வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. நீங்கள் புதிதாகச் சங்கம் ஆரம்பித்து இதெல்லாம் வாங்கி முடிப்பதற்குள் உங்கள் பெண் பத்தாவது போய்விடுவாள். ராயபுரம் அண்ணன் சொன்ன தளம் வழியாகக் கம்பெனிகளும் கொடுக்கலாம், அதனால் லெட்டரை "எங்கள் பள்ளியின் தேவை தளத்தில் இருக்கிறது, தீர்மானம் இணைத்துள்ளோம்" என்று எழுதுங்கள். சி.எஸ்.ஆர். பார்க்கிற அதிகாரிக்கு அந்த ஒரு வரி போதும், அவர் மேலே காட்டுவதற்குப் பேப்பர் கிடைத்துவிடுகிறது.

தனி ஆட்கள் கொடுக்கும்போது வரிச் சலுகை கேட்பார்கள். நன்கொடைக்கான அந்த 80ஜி சலுகை பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், புதிய முறைக்கு மாறியவர்களுக்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது, பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மார்ச் மாதம் யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள்.

சின்ன வசூலுக்கு, ஒருவர் ஜிபேயில் வாங்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் போதும், ஊர் வாய் சும்மா இருக்காது. பேங்கில் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற கணக்கு தொடங்குங்கள், இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டாம். வரவு செலவை மாதம் முடிந்ததும் குரூப்பில் போட்டோ எடுத்துப் போட்டுவிடுங்கள். ஆடி மாசம் கூழ் ஊற்ற வசூல் செய்கிற நோட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, யார் எவ்வளவு, அரிசி எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு என்று? அந்த நோட்டு எழுதுகிறவரையே பிடியுங்கள்.

---

காசிமேட்டுப் பொண்ணு எழுதியது:

எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நேரத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

எங்கள் அம்மா விடியற்காலையில் ஏலத்துக்குப் போய்விடுவார், மீனை விற்று முடித்து வீட்டுக்கு வர மத்தியானம் ஆகும். வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்களுக்குக் காலையும் மாலையும் வேலை. இவர்களை வேலை நாளில் பள்ளிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டு "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று எழுதி வைப்பார்கள். அரை நாள் கூலி போகும், முதலாளியம்மா முகம் சுளிப்பார், யார் வருவார்? எங்கள் தெருவில் கூட்டத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளச் சொல்லிக் கேட்டோம், தள்ளினார்கள், அப்புறம் வந்த கூட்டத்தைப் பார்த்து டீச்சர்களே நாற்காலி தேடினார்கள்.

இன்னொரு விஷயம், மழை வந்தால் நம் பள்ளிகள்தான் நிவாரண முகாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்தில் பார்த்தோமே. மக்கள் தங்கியது தப்பே இல்லை, வேறு எங்கே போவார்கள்? ஆனால் முகாம் கலைந்த பிறகு கழிப்பறையும் பெஞ்சும் என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை, பிள்ளைகள் அப்படியே வந்து உட்காருகிறார்கள். உங்கள் பள்ளியும் முகாம் ஆகிற பள்ளி என்றால் மழைக்கு முன்னாடியே பொருட்களைப் போட்டோ எடுத்து வையுங்கள், முடிந்த மறுநாளே பழுது பார்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அது பெற்றோர் தலையில் விழ வேண்டிய செலவே இல்லை.

---

வியாசை தோழர் எழுதியது:

வாத்தியார் சார், கடம்பத்தூர் கதை நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் பெரும்பாலும் அதே ஊர்ப் பள்ளியில் படித்தார்கள், கொடுத்தவனுக்கும் அதில் பங்கு இருந்தது. இன்றைக்கு வசதி வந்தவன் முதலில் பிள்ளையை மெட்ரிக்கில் போடுகிறான், பிறகு அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் தானம் செய்கிறான். அந்தப் பெற்றோர் கேட்டாரே, பக்கத்து மெட்ரிக்கிலேயே போடலாமே என்று, அதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடியில் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது குடும்பங்கள் வேறு இடம் போகின்றன, சிலரைப் பெரும்பாக்கம் வரைக்கும் அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் எண்ணிக்கை சரிகிறது. எண்ணிக்கை சரிந்தால் தேரடி அம்மா சொன்ன மானியமும் குறையும், ஆசிரியர் பணியிடமும் குறையும், கடைசியில் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாம் என்று ஃபைல் நகரும். முந்நூறு ரூபாய் போட்டுவிட்டுப் பிள்ளையை மாற்றிக்கொண்டு போகிறவரைவிட, ஒரு பைசா போடாமல் பிள்ளையை அங்கேயே படிக்க வைக்கிறவர்தான் பள்ளிக்குப் பெரிய நன்கொடையாளர். அந்த நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்: ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். எட்டாவதுக்குப் பிறகும் அரசுப் பள்ளியிலேயே தொடர வேண்டும். நடுவில் இரண்டு வருஷம் தனியாருக்குப் போய்த் திரும்பினால் ஒதுக்கீடு கைநழுவும்.

சாயங்கால வகுப்பு என்றால் நானும் வருகிறேன். வியாசர்பாடிப் பக்கம் இரவுப் பாடசாலை ஒன்றும் புதிது இல்லை, எங்கள் அண்ணன்மார் மண்ணெண்ணெய் விளக்கில் நடத்தினார்கள். கணக்கு எடுப்பேன். பணம் தர மாட்டேன், கொள்கை.

---

தேரடி அம்மா எழுதியது:

தோழர், உங்கள் கொள்கை எங்களுக்கு நல்ல லாபம். கணக்கு வாத்தியாருக்கு மாதம் எவ்வளவு ஆகும் தெரியுமா!

---

கொருக்குப்பேட்டை அப்பா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை தலைவி அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசினோம். இதுவரை முடிவானதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு உதவும்.

வீட்டுக்கு 300 என்பதை விட்டுவிட்டோம். கேட் தண்ணீருக்கும் மெஷினுக்கும் தனித்தனித் தீர்மானம், அடுத்த கூட்டத்தில் வைக்கிறார்கள். மானியத்தில் மெஷின் ரிப்பேர் முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் வேறு வழி. கூட்டத்தைச் சாயங்காலம் வைக்கலாமா என்று அக்காவே ஹெச்.எம்.மிடம் கேட்டார், அவர் சரி என்றதோடு, பணம் பள்ளிக்குள் வராது என்றதும் முகமே மாறிவிட்டது, பழைய கரும்பலகை ஒன்று கிடக்கிறது, கிளாஸுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சாயங்கால வகுப்பு பள்ளிக்குள் வைக்க அனுமதி வர நேரமாகும் போலிருக்கிறது. அதுவரை அம்மன் கோயில் பக்கத்து மண்டபத்தில். இல்லம் தேடிக் கல்வியில் இருந்த இரண்டு அக்காக்கள் கிடைத்துவிட்டார்கள், அவர்களுக்கு மாதம் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும், சும்மா வேலை வாங்கக் கூடாது என்று பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்கும் பிள்ளைகளுக்குச் சுண்டலுக்கும் மட்டும் நன்கொடை. ஜாயின்ட் கணக்கு இந்த வாரம் தொடங்குகிறோம், ஒரு கையெழுத்து மார்க்கெட் அண்ணாச்சி, இன்னொன்று என் மனைவி (குரூப்பில் என்னைவிட அவரைத்தான் நம்புகிறார்கள்).

மெட்ரிக் ஸ்கூல் நண்பர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அவர் பையனை வகுப்புக்கு அனுப்புகிறாராம்.

தோழர், கணக்கு செவ்வாய், வியாழன் வைத்திருக்கிறோம், ஆறரை மணி. கொருக்குப்பேட்டை கேட் மூடினால் லேட் ஆகும், முன்னாடியே கிளம்பி வந்துவிடுங்கள்.